49-இல் கண்டம் என்றார் ஜோசியர்

கடிதம்:

அக்கா, வணக்கமுங்க. பல்லடம் பக்கத்தில் ஆறு தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறேன். வயது 43. அப்பா 2006-இல், அவருடைய 49 வயதில், மாரடைப்பில் போய்விட்டார். ராத்திரி தறி ஓட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தார், வாயுவாக இருக்கும் என்று நான்தான் ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன், விடிவதற்குள் முடிந்துவிட்டது. அப்போது எனக்கு 24. பெரியப்பாவும் ஐம்பதைத் தாண்டவில்லை. என் ஜாதகத்திலும் 49-இல் கண்டம் என்கிறார் ஜோசியர்.

ஒரு மாதமாகப் படியேறினால் நெஞ்சு அழுத்துகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. வீடு வீடாகப் பிரஷர் பார்க்க வருகிற அம்மிணியைக் கண்டாலே தறிக்குடோனுக்குள் போய்விடுகிறேன். “ஏனுங்க, ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தா என்னங்க” என்று வீட்டில் தினமும் சண்டை. எழுதியது எழுதியதுதானே அக்கா? போகிற நாள் முன்னாடியே குறித்தாகிவிட்டது என்றால் மாத்திரை என்ன செய்யும்? தறி ஓடும்போது இதையேதான் யோசிக்கிறேன், இழை அறுந்தால் பிணைத்துவிட்டு மறுபடியும் யோசிக்கிறேன்.

பதில்:

தம்பி, விதியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். படியேறினால் அழுத்தி, நின்றால் விட்டுவிடுகிற நெஞ்சுவலி, இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். அப்பாவுக்கு 55-க்குள் மாரடைப்பு வந்த குடும்பத்தில் அதைத் தள்ளிப்போடக் கூடாது. இதைப் படிக்கிற அன்றைக்கே இசிஜி எடுங்கள். அது நன்றாக இருந்தாலும் படியேறுகிற கதையை டாக்டரிடம் சொல்லாமல் வந்துவிடாதீர்கள், சும்மா படுத்திருக்கும்போது எடுக்கிற இசிஜியில் சில நேரம் ஒன்றும் தெரியாது. உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தால் உடனே 108.

அப்புறம் விதிக்கு வருவோம். புத்தர் காலத்தில் மற்கலி கோசாலர் என்று ஆசீவகர்கள் என்ற துறவிக் கூட்டத்தின் ஆசான் ஒருவர் இருந்தார். உருட்டிவிட்ட நூற்கண்டு நூல் தீரும்வரை பிரிந்துகொண்டே போகிற மாதிரிதான் உயிரும், மனித முயற்சியால் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று அவர் சொன்னதாகப் பௌத்த நூல்களில் இருக்கிறது. மனுஷன் தறி ஓட்டியதில்லை போலிருக்கிறது. உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் பாருங்கள், இழை அறுந்தால் பிணைக்கிறீர்கள். அறுவது அதன் தலையெழுத்து என்று தறியை ஓடவிட்டுவிட்டு நிற்பதில்லை. ஆறு தறிக்கும் பொருந்தாத விதி உங்கள் நெஞ்சுக்கு மட்டும் எப்படிப் பொருந்துகிறது?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தப்பென்றால் தள்ளிவிடுங்கள். மாத்திரை உங்களைக் காப்பாற்றும் என்று ஒப்புக்கொண்டால், அன்றைக்கு ஆஸ்பத்திரி அப்பாவைக் காப்பாற்றியிருக்கும் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். ஓமத் தண்ணீர் கொடுத்தது நீங்கள். “அவர் விதி முடிந்தது” என்று சொல்லிக்கொண்டால்தான் இத்தனை வருடம் தூங்க முடிந்திருக்கிறது, அதை விட்டுவிடப் பயமாக இருக்கிறது. பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். ஆனால் 108 வண்டி தமிழ்நாட்டில் ஓட ஆரம்பித்ததே 2008-இல்தான். நெஞ்சுவலியை வாயு என்று நினைத்து ஏமாந்த வீடுகள் நம் ஊர்ப்பக்கம் ஏராளம். 24 வயதுப் பையன் தனக்குத் தெரிந்ததைச் செய்தான். 43 வயதில் உங்களுக்கு அதைவிட அதிகமாகத் தெரியும்.

ஜோசியரை விடச் சொல்லவில்லை. சாமியிடம் பூக்கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன் என்றால், அதை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து கேளுங்கள்.

வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவீர்கள். அந்த ராத்திரி நடந்ததை அவரிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் சொல்லுங்கள்.