வாசகர் கேள்வி – பதில்: மடிப்பில் காணாமல் போன ஆமை

கேள்வி: பஞ்சதந்திரத்தில் வரும் ஆமை, அன்னங்கள் கதையை 24 பக்கப் படப்புத்தகமாகச் செய்கிறேன். இரு பக்கம் விரியும் பறக்கும் காட்சியை மாதிரி அச்சடித்துப் பார்த்தால், ஆமையின் தலையையே காணோம். என்ன செய்வது?

பதில்: குச்சியின் இரு முனையில் அன்னங்கள், நடுவில் ஆமை என்று வரைந்தால் ஆமை போய் உட்காரும் இடம் மடிப்புதான். கம் பைண்டிங்கில் (தாள்களின் முதுகில் பசை தடவி ஒட்டும் முறை) ஒவ்வொரு பக்கத்திலும் 6 முதல் 8 மி.மீ. உள்ளே போய்விடும். குச்சியைக் கவ்விய வாய் தெரியாவிட்டால் கதையே இல்லை! மூவரையும் வலப்பக்கத்துக்குத் தள்ளுங்கள். இடப்பக்கத்தில் வானமும், கீழே வற்றிய ஏரியும் போதும். எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்பது குழந்தைக்குத் தானே புரியும்.

24 பக்கத்துக்கு சென்டர் பின்னே (நடு மடிப்பில் கம்பிப் பின் அடிப்பது) போதும். அதில் நடுவில் வரும் 12, 13ஆம் பக்கங்கள் ஒரே தாள் என்பதால், பறக்கும் காட்சியை அங்கே வைத்தால் படம் விலகாது. ஆனாலும் ஆமையின் முகத்தில் பின் குத்தாதபடி 2 செ.மீ. தள்ளி வரையுங்கள்.

குச்சியின் நீளத்தையும் பாருங்கள். அன்னங்கள் பக்கத்துக்குப் பக்கமாகப் பறப்பதால், ஒரு பறவை சிறகு விரித்த அகலத்தைவிடக் குச்சி நீளமாக இருக்க வேண்டும். குறைந்தால் ஆமையின் தலைக்கு மேலே சிறகுகள் மோதிக்கொள்ளும்.

ஆமை வாய் திறக்கும் கணம் 19ஆம் பக்கத்தில், அதாவது வலப்பக்கத்தில் வரட்டும். விழுவது தாளைத் திருப்பிய பிறகுதான். இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் வந்தால், படிப்பதற்கு முன்பே பிள்ளையின் கண் முடிவைப் பார்த்துவிடும்.

கேள்வி: அச்சில் எழுத்தின் ஓரம் மங்கலாக வருகிறதே?

பதில்: கறுப்பை நான்கு மையும் கலந்து போட்டிருப்பீர்கள். ஒரு மைக்கான அச்சுத் தட்டு இம்மி விலகினாலும் மெய்யெழுத்தின் புள்ளி இரண்டாகத் தெரியும். எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும், 100 சதவீதம். அளவு 18 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம்.

கேள்வி: மூலக்கதையில் ஆமை செத்துப்போகிறது. சின்னப் பிள்ளைகளுக்காகக் குளத்தில் விழுந்து பிழைத்ததாக மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். பஞ்சதந்திரத்தில் ஊரார் அதை வெட்டிவிடுகிறார்கள். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதையில் அரண்மனை முற்றத்தில் விழுந்து பிளக்கிறது. அதையெல்லாம் வரைய வேண்டியதில்லை. கடைசிப் படத்தில் அன்னங்களின் அலகில் குச்சி மட்டும் இருக்கட்டும், நடுவில் கவ்விய தடத்தோடு. ஆமைக்குப் பல் கிடையாது. அதனால் பல்வரிசை வேண்டாம், அழுந்திய ஒற்றை வளைவு போதும்.