கோல்ஃப் தூரமானியைத் தவணையில் வாங்கலாமா?

கேள்வி: இரண்டு வருடமாகக் கோல்ஃப் ஆடுகிறேன். மாதத்துக்கு இரண்டு முறை மைதானத்துக்குப் போவேன். கூட ஆடும் மூன்று பேரிடமும், கொடியை நோக்கிப் பிடித்தால் தூரம் சொல்லும் லேசர் தூரமானி இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் அவர்களிடம் தூரம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் போக, மாதக் கடைசியில் மிஞ்சுவது சொற்பம். கிரெடிட் கார்டிலும் கொஞ்சம் பாக்கி உண்டு. விலை உயர்ந்த லேசர் ஒன்றை 12 மாத வட்டியில்லாத் தவணையில் தருவதாகச் சொல்கிறார்கள். மலிவான கருவியை வாங்கினால் பின்னால் இரட்டைச் செலவாகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தவணையில் வாங்காதீர்கள். கார்டில் பாக்கி இருக்கும்வரை உங்களுக்கு வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது. மாதாமாதம் தவணைக்குப் போகும் பணம், கார்டு பாக்கியை அடைக்க வேண்டிய பணம். அதை இங்கே கொடுத்தால் அங்கே பாக்கி அப்படியே நின்று வட்டி ஏறும். முதலில் கார்டை முழுசாக அடையுங்கள். அப்புறம் அதே தொகையைத் தனியாக எடுத்து வைத்து, ரொக்கமாக வாங்குங்கள்.

கூச்சத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோல்ஃப் விதிகளின்படி, எந்த மட்டையை எடுத்தாய் என்று இன்னொரு ஆட்டக்காரரிடம் கேட்பது தவறு. குழியில் நட்டிருக்கும் கொடி எவ்வளவு தூரம் என்று கேட்பது தவறில்லை, ஏனென்றால் தூரம் பொதுத் தகவல். போட்டியில்கூடக் கேட்கலாம். எனவே கேட்டு ஆடுங்கள், அவசரம் எதுவும் இல்லை.

இப்போது கருவிக்கு வருவோம். லேசர் ஒரு கெஜம் முன்பின்னாகத் துல்லியமாகச் சொல்கிறது. ஆனால் உங்கள் அடி எவ்வளவு துல்லியம்? அயர்ன் எனப்படும், எண் போட்ட உலோகத் தலை மட்டைகளில் ஒன்றுக்கும் அடுத்த எண்ணுக்கும் பொதுவாக 10 முதல் 15 கெஜம் வரை வித்தியாசம் இருக்கும். இரண்டு வருடம் ஆடிய ஒருவரின் ஒரே மட்டை, ஒரு நாள் போகும் தூரத்துக்கும் மறுநாள் போகும் தூரத்துக்கும் நடுவே அதைவிடப் பெரிய இடைவெளி இருப்பது சகஜம். நானும் பல வருடம் என் 7-ஆம் நம்பர் அயர்ன் 150 கெஜம் போகும் என்றே நம்பி ஆடினேன். ஒரு நோட்டில் 40 அடிகளை எழுதிப் பார்த்தபோது சராசரி 132 என்று வந்தது. 150 என்பது எப்போதோ நன்றாகப் பட்ட ஒரு அடி. அந்த 18 கெஜத் தவறை எந்த லேசரும் சரிசெய்திருக்காது. கொடி 150-இல் இருக்கிறது என்று அது சரியாகவே சொல்லும், நான் தவறான மட்டையை எடுப்பேன்.

ஆகவே அடுத்த பத்து ஆட்டங்களுக்கு உங்கள் கருவி ஒரு நோட்டும் கைப்பேசியும்தான். கொடி வரை உள்ள தூரத்தைவிட உங்கள் மட்டைகள் போகும் தூரம்தான் இப்போது உங்களுக்குத் தெரிய வேண்டியது. கிரீனின் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையின்) முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு மூன்றுக்கும் தூரம் காட்டும் செயலிகள் பல இலவசம். திறந்த வானத்தின் கீழ் சாதாரண ஸ்மார்ட்போன் தன் இடத்தை ஏறக்குறைய 5 மீட்டருக்குள் கண்டுபிடித்துவிடும். உங்கள் அடிகளின் சிதறலோடு ஒப்பிட்டால் அது பெரிய பிழை இல்லை. செயலியை நிறுவும்போது கார்டு எண்ணைக் கேட்டால் மட்டும் கவனம் தேவை. இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் சந்தா தானாகக் கழியத் தொடங்கும். அந்தச் சந்தா இரண்டு மூன்று வருடத்தில் ஒரு நல்ல கருவியின் விலைக்கே வந்துவிடலாம்.

மைதானத்திலேயே இருக்கும் குறிகளையும் விடாதீர்கள். பல மைதானங்களில் 100 கெஜத்துக்குச் சிவப்பு, 150-க்கு வெள்ளை, 200-க்கு நீலம் என்று குறி வைத்திருப்பார்கள். தண்ணீர் தெளிப்பான் மூடிகளின் மீதும் எண் எழுதியிருக்கும். இவை பெரும்பாலும் கிரீனின் நடுவரை உள்ள தூரம், கொடிவரை அல்ல. 30 கெஜ ஆழமுள்ள கிரீனில் கொடி முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதே இரண்டு மட்டை வித்தியாசம். அதைக் கவனித்துக் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். குறியிலிருந்து பந்துவரை காலடியால் அளக்கவும் பழகுங்கள். நீளமாக எடுத்து வைக்கும் ஒரு காலடி ஏறத்தாழ ஒரு கெஜம்.

பத்து ஆட்டத்துக்குப் பிறகு நோட்டைப் பாருங்கள். ஒரே மட்டையின் அடிகள் ஓரளவு ஒரு கூட்டமாக விழத் தொடங்கியிருந்தால், அப்போது கருவிக்குச் செலவு செய்வது நியாயம். விலையை ஆட்டக் கணக்கால் வகுத்துப் பாருங்கள். மாதம் இரண்டு என்றால் வருடத்துக்கு 24, மூன்று வருடத்துக்கு 72. ஆனால் கடந்த 12 மாதத்தில் உண்மையில் எத்தனை முறை போனீர்கள் என்று எண்ணி, அந்த எண்ணால் வகுங்கள். பலருக்கு அது பாதியாக இருக்கும், ஒரு ஆட்டத்துக்கான செலவு அப்படியே இரட்டிப்பாகும்.

எதை வாங்குவது? கை நடுக்கமில்லாமல், கொடி தெளிவாகத் தெரியும் என்றால் எளிமையான லேசரே போதும், மலிவான வகையாக இருந்தாலும் சரி. 200 கெஜத்துக்குள் விலை உயர்ந்ததும் மலிவானதும் காட்டும் எண்ணில் பெரிய வேறுபாடு இருக்காது. கூடுதல் பணம் போவது கண்ணாடியின் தெளிவுக்கும், கொடியைச் சட்டென்று பிடிக்கும் வேகத்துக்கும், மழை தாங்கும் உறைக்கும்தான். பெட்டியில் போட்டிருக்கும் 1000 கெஜத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது நன்றாக ஒளியைத் திருப்பும் பெரிய பொருளுக்கான தூரம். மெல்லிய கொடிக்கம்பத்துக்கு அதில் ஒரு பங்குதான் எட்டும், உங்களுக்குத் தேவையும் அவ்வளவுதான்.

விலை குறைவு என்பதற்காக வேட்டைக்காரர்களுக்கான லேசரை வாங்கிவிடாதீர்கள். புதருக்குப் பின்னால் நிற்கும் விலங்கைப் பிடிப்பதற்காக அவற்றில் பல, தொலைவில் உள்ள பொருளுக்கே முதலிடம் கொடுக்கும். கோல்ஃபுக்கு நேர் எதிரானது வேண்டும்: அருகில் உள்ள கொடியைப் பிடித்து, பின்னால் உள்ள மரத்தை விட வேண்டும். கட்டட வேலைக்கான லேசரோ பளிச்சென்ற வெயிலில் திணறும்.

கை நடுங்கினாலோ, மேடு மறைத்துக் கொடி தெரியாத குழிகள் அதிகம் என்றாலோ, கையடக்க ஜிபிஎஸ் கருவி நல்லது. ஆனால் உங்கள் மைதானம் அதில் பதிவாகியிருக்கிறதா, வரைபடப் புதுப்பிப்புக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று முன்பே கேளுங்கள். ஜிபிஎஸ் கடிகாரத்தை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். கோல்ஃபுக்கு வேண்டாத பல வசதிகளுக்கும் சேர்த்து விலை கொடுப்பீர்கள்.

ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் ஸ்லோப் வசதி, மலைப்பாங்கான மைதானத்தில் தோழர்களோடு ஆடும்போது உதவும். சமதளத்தில் அது தேவையில்லாத செலவு. 2019-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் தூரமானியை அனுமதிக்கின்றன, போட்டிக்குழு தனியாகத் தடை விதித்திருந்தால் தவிர. ஆனால் உயர வேறுபாட்டை அளப்பதற்கு அனுமதி இல்லை. மொத்த அடிகளை எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் பிளே போட்டியில் முதல் தடவை 2 ஸ்ட்ரோக் (அடி) தண்டனை, மறுபடி செய்தால் தகுதி நீக்கம். ஸ்லோப் உள்ள கருவி என்றால் அதை அணைக்கும் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், அணைந்திருப்பது வெளியே தெரிந்தால் இன்னும் நல்லது.

பழைய கருவி கிடைத்தால் தயங்க வேண்டாம். பேட்டரி அறையைத் திறந்து பச்சைப் படிவு இருக்கிறதா பாருங்கள், கண்ணாடிக்குள் பூஞ்சை பாருங்கள். தனி பேட்டரி போடும் வகை பழையதாக வாங்க ஏற்றது. உள்ளேயே பொதித்த பேட்டரி வருடம் ஆக ஆக வலுவிழக்கும். பல லேசர்களில் போடும் சிஆர்2 பேட்டரி எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஒன்றைப் பையில் போட்டு வையுங்கள்.

புதிதாக வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு முழு ஆட்டம் ஆடிவிடுங்கள். உங்கள் தோழரின் லேசரை வாங்கி, ஒரே இடத்தில் நின்று ஐந்தாறு கொடிகளை இரண்டாலும் அளந்து பாருங்கள். பின்னால் மரம் இருக்கும் கொடி ஒன்றாவது அதில் இருக்கட்டும். இரண்டு எண்ணும் ஒரு கெஜம், இரண்டு கெஜத்துக்குள் ஒத்துப்போனால் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் தூரத்தையே திரும்பத் திரும்பக் காட்டினால், அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.