வன்முறையின் வரலாற்றை ஆராய்வது ஒரு வேலையா?

வணக்கம் அம்மா. உங்கள் பெண் அரசியல் வன்முறை, புலம்பெயர்வு, நினைவு பற்றி ஆய்வு செய்யப் போவதாகச் சொல்கிறாள். "அடுத்தவர் துயரத்தைக் கேட்டு எழுதுவது ஒரு வேலையா?" என்று கேட்டிருந்தீர்கள். வேலைதான், அதுவும் கடினமான வேலை.

1949 மார்ச்சில் இத்தாலியின் தெர்னி நகரில் நேட்டோவுக்கு எதிரான போராட்டத்தில் லூயிஜி த்ரஸ்துல்லி என்ற 21 வயது உருக்காலைத் தொழிலாளி போலீசாரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து, மக்களின் வாய்மொழி நினைவுகளைப் பதிவு செய்து ஆராய்ந்த அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி அந்த ஊர்க்காரர்களிடம் பேசினார். 1953இல் ஆலையில் ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த போராட்டத்தில்தான் த்ரஸ்துல்லி செத்தார் என்று பலரும் அடித்துச் சொன்னார்கள். போர்த்தெல்லி அதை மறதி என்று தள்ளிவிடவில்லை. தங்களில் ஒருவன் செத்தும் ஒன்றும் செய்ய முடியாமல் போன வலிதான் அந்தச் சாவை நான்கு வருடம் நகர்த்தி வைத்திருக்கிறது என்று கண்டார். உங்கள் பெண் கற்றுக்கொள்ள நினைப்பது இப்படிக் கேட்கிற காதைத்தான்.

சரி, பிழைப்புக்கு வருவோம். முனைவர் பட்டத்துக்கு பிரிட்டனில் மூன்று நான்கு வருடம், அமெரிக்காவில் ஆறு வருடமும் அதற்கு மேலும் ஆகலாம். அப்புறம் ஒப்பந்த வேலைகள், அடிக்கடி ஊர் மாற்றம். நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் பட்டம் பெறுவோரைவிடக் குறைவு. அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: உதவித்தொகை கிடைக்காமல், கடன் வாங்கி இந்தப் படிப்பில் சேர்க்காதீர்கள். ஆவணங்கள் எந்த மொழியில் இருக்கின்றனவோ அதை இப்போதே கற்கத் தொடங்கட்டும்.

பல்கலைக்கழகம் மட்டுமே வழி என்றில்லை. ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், மனித உரிமை அமைப்பு, அகதி வழக்குகளில் நிபுணர் அறிக்கை எழுதுவது என்று வேறு இடங்களும் உண்டு. நாஜிகளால் வதைபட்டவர்களைப் பற்றி ஜெர்மனியின் அரோல்சன் காப்பகத்தில் மட்டும் சுமார் 3 கோடி ஆவணங்கள் இருக்கின்றன. காணாமல் போன உறவைத் தேடி இன்றும் குடும்பங்கள் அங்கே எழுதுகின்றன.

எனக்குள்ள பெரிய கவலை வேறு. வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம் 2001 முதல் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரிக்காக நேர்காணல்கள் எடுத்தார்கள். "நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியே வராது" என்று பேசியவர்களுக்கு வாக்குக் கொடுத்தார்கள். 2011இல் நீதிமன்ற சம்மன் வந்தது, சில பதிவுகள் போலீஸ் கைக்குப் போயின. நம்பிப் பேசியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி! காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லித்தரும் ஆய்வு வழிகாட்டியாகப் பார்த்துச் சேருங்கள். கொடுமைகளைக் கேட்டுக் கேட்டு மனம் சோர்ந்தால் யாரிடம் பேசுவது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த விடுமுறையில் ஒன்று செய்யட்டும். சொந்த மண்ணை விட்டு வந்த ஒரு முதியவரிடம் அனுமதி கேட்டு, ஒரு மணி நேரம் பேச விட்டுப் பதிவு செய்யட்டும். பிறகு ஒரு சொல் விடாமல், நடுவில் வரும் மௌனங்களையும் குறித்து, தானே எழுதட்டும். அந்த ஒரு மணி நேரத்தை எழுத ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். முடித்த பிறகும் இன்னொருவரிடம் பேச வேண்டும் என்று அவளுக்குத் தோன்றினால், அந்தத் தாள்களோடு இருவரும் என்னைப் பார்க்க வாருங்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்த உதவித்தொகை என்று உட்கார்ந்து பேசுவோம்.