‘தெரியவில்லை’ என்று எழுதிய அதிகாரி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பறக்கும் தட்டுகள் பற்றி எனக்கும் நண்பர்களுக்கும் ஓயாத வாக்குவாதம். அமெரிக்க விமானப்படை பல ஆண்டுகள் விசாரித்து, 701 சம்பவங்களை ‘அடையாளம் தெரியாதவை’ என்று விட்டுவிட்டதாகப் படித்தேன். ராணுவமே கைவிரித்த பிறகு அவை வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவை என்பதில் என்ன சந்தேகம்? இல்லையென்றால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

நீங்கள் சொல்லும் எண் சரிதான். ‘ப்ராஜெக்ட் ப்ளூ புக்’ என்ற அந்த விசாரணை 1969இல் மூடப்பட்டபோது கோப்புகளில் 12,618 சம்பவங்கள் இருந்தன. பெரும்பாலானவை விமானம், பலூன், வெள்ளிக் கிரகம் என்று விடை கிடைத்தவை. மிஞ்சியவை 701. நான் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படிப்பது அதில் ஒன்றைத்தான்.

1964 ஏப்ரல் 24, நியூ மெக்சிகோவின் சொகோரோ என்ற சிறிய ஊர். மாலை ஆறு மணி ஆகப்போகிறது. வேகமாகப் போன காரைத் துரத்திக்கொண்டிருந்த லானி சமோரா என்ற போலீஸ்காரர் பெரிய இரைச்சலைக் கேட்கிறார், வானத்தில் ஒரு தீச்சுடரைப் பார்க்கிறார். அந்தப் பக்கம் டைனமைட் வைத்திருக்கும் கொட்டகை உண்டு. அது வெடித்துவிட்டதோ என்று பயந்து, துரத்திய காரைப் போகவிட்டுத் தன் வண்டியை அங்கே திருப்புகிறார். சரளைக்கல் மேட்டில் வண்டி ஏறாமல் சறுக்குகிறது, மறுபடி முயன்று ஏறுகிறார். கீழே ஓடைப் பள்ளத்தில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. கவிழ்ந்த கார் என்றுதான் முதலில் நினைக்கிறார். பக்கத்தில் வெள்ளை உடையில் இரண்டு உருவங்கள். நெருங்கிப் போனால், முட்டை வடிவத்தில் ஒரு பொருள். மறுபடி அதே இரைச்சல், அடியில் நெருப்பு. பதறி ஓடியதில் மூக்குக்கண்ணாடி கீழே விழுகிறது. அந்தப் பொருள் எழும்பி, பிறகு சத்தமே இல்லாமல் போய்விடுகிறது. சில நிமிடங்களில் வந்து சேர்ந்த சக போலீஸ்காரர் பார்த்தது வெளிறிப்போன சமோராவையும், புகைந்துகொண்டிருந்த புதரையும், தரையில் அழுந்திய தடங்களையும்.

அன்று மாலையே எஃப்.பி.ஐ.காரர் ஒருவரும் ராணுவ கேப்டன் ஒருவரும் அங்கே போய்விட்டார்கள். விமானப்படையின் ஆலோசகரான வானியலாளர் ஆலன் ஹைனெக் சில நாட்களில் வந்தார். ப்ளூ புக்கின் தலைவர் ஹெக்டர் கின்டானியா, பக்கத்திலிருக்கும் வொய்ட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர், பலூன், நிலவில் இறக்குவதற்காகச் சோதித்துக்கொண்டிருந்த கலங்கள் வரை ஒன்றுவிடாமல் விசாரித்தார். மண்ணைச் சோதித்தார்கள். ராக்கெட் எரிபொருளின் சுவடு இல்லை.

கின்டானியா வேற்றுக்கிரகக் கதைகளை நம்பாதவர். ‘ஹெலிகாப்டராக இருக்கலாம்’ என்று எழுதிக் கோப்பை மூடியிருந்தால் யாரும் தடுத்திருக்க முடியாது. அவர் அப்படிச் செய்யவில்லை. 1966இல் சி.ஐ.ஏ.வின் உள் இதழில் எழுதிய கட்டுரையில், சமோரா நம்பத்தகுந்தவர், எதையோ பார்த்தார், அது என்ன என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பதிவு செய்தார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. நீங்கள் சொல்லும் ‘கைவிரிப்பு’ இதுதான். தெரியவில்லை என்றால் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தில் வேற்றுக்கிரகத்தை வைப்பதற்கு அந்தக் கோப்பில் ஒரு வரிகூட ஆதாரம் இல்லை.

மறைக்கிறார்களா என்ற உங்கள் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அதே நியூ மெக்சிகோவில், 1947இல் ராஸ்வெல் பக்கம் கிடைத்த சிதைவுகளை வானிலை பலூன் என்றார்கள். சோவியத் அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்பதற்கான ‘மோகுல்’ என்ற ரகசியத் திட்டத்தின் பலூன் அது என்று விமானப்படை சொன்னது 1994இல்தான். ஆக, மறைத்தார்கள். மறைத்தது ஒரு ராணுவ ரகசியத்தை. அப்புறம் மக்கள் எதைச் சொன்னாலும் நம்பாமல் போனதற்கு அவர்கள்மேல் பாதிப் பழியாவது உண்டு.

நண்பர்களிடம் அடுத்த முறை 701 என்ற எண்ணைச் சொல்லாமல், அந்தச் சரளைக்கல் மேட்டைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். சமோரா பின்னாளில் போலீஸ் வேலையை விட்டு பெட்ரோல் பங்க் ஒன்றைப் பார்த்துக்கொண்டார், 2009இல் காலமானார். அவர் விவகாரத்தின் கோப்பு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் யாரும் படிக்கும்படி திறந்தே இருக்கிறது.

அன்புடன்.