காதில் கருவி எனக்கு எதற்கு?

அடம், முரட்டுத்தனம், எதிர்த்துப் பேசுதல் பற்றி வந்த கடிதங்களில் பலவும் 'பி.சி.ஐ.டி.' என்ற பெற்றோர்–குழந்தை உறவாடல் சிகிச்சையைத் தொட்டுச் சென்றன. அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

சிட்னியில் வசிக்கிறோம். நான்கு வயது மகன் கோபம் வந்தால் கையில் கிடைத்ததை வீசுகிறான், தங்கையைக் கடிக்கிறான். சிகிச்சைக்குப் போனால் அவனை விட்டுவிட்டு என் காதில் கருவியை மாட்டுகிறார்கள். குறை என்னிடமா?

இல்லை சகோதரி. தயவுசெய்து அப்படி எண்ணி மனம் நோகாதீர்கள். சிகிச்சையாளர் உங்கள் மகனை வாரத்தில் ஒரு மணி நேரம் பார்ப்பார். மீதி நேரமெல்லாம் அவன் உங்களோடுதான் இருக்கிறான். அதனால்தான் பயிற்சி உங்களுக்கு. 1970களில் அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் இதை உருவாக்கினார். இரண்டு முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகளுக்கானது. நீங்கள் விளையாடுவீர்கள், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருந்து சிகிச்சையாளர் அந்தந்தக் கணத்தில் என்ன சொல்லலாம் என்று காதில் சொல்வார். வீட்டுக்குப் போன பிறகு நினைவுபடுத்திச் சொல்லும் அறிவுரைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

விளையாடும்போது கேள்வி கேட்கக் கூடாதாம். கேட்காமல் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

தினமும் குழந்தையோடு விளையாடும் அந்த ஐந்து நிமிடம் பாடத்துக்கானது இல்லை, உறவுக்கானது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அமர்ந்து நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். சிறுவன் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அம்மா "இது என்ன நிறம்? பச்சை எங்கே?" என்று கேட்கக் கேட்க, அவன் மெல்ல முதுகைத் திருப்பிக்கொண்டான். "கேள்வி வேண்டாம், அவன் செய்வதை மட்டும் சொல்லுங்கள்" என்று காதில் சொன்னோம். "நீலக் கட்டையை உச்சியில் வைக்கிறாய்" என்றார். அவன் கை நின்றது. திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு ஒரு கட்டையை அவர் பக்கம் தள்ளினான். கேள்வி என்பது குழந்தைக்குச் சின்னத் தேர்வுதான். தேர்வு வைக்காத அம்மாவை அவன் விளையாட்டில் சேர்த்துக்கொண்டான்.

இந்தச் சிகிச்சைக்கு இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் பெற்றோர் எட்ட வேண்டிய அளவு இது: ஐந்து நிமிடத்தில் குறிப்பான பாராட்டு 10, குழந்தை சொன்னதைத் திருப்பிச் சொல்வது 10, அவன் செய்வதை வர்ணிப்பது 10. கேள்வி, கட்டளை, குறைகூறல் மூன்றும் சேர்ந்தே மூன்றைத் தாண்டக் கூடாது. செய்து பாருங்கள், வேர்த்துவிடும்! 'சமத்து' என்பது மட்டும் குறிப்பான பாராட்டு ஆகாது. "பென்சிலைத் தம்பிக்கும் கொடுத்தாயே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது" என்றால்தான் எதைத் திரும்பச் செய்யலாம் என்று குழந்தைக்குப் புரியும்.

கத்தினால் கண்டுகொள்ளாதீர்கள் என்றார்கள். விட்டால் இரண்டு மடங்கு கத்துகிறாள்.

அப்படித்தான் நடக்கும். இதுவரை கத்தினால் கிடைத்த கவனம் இன்று கிடைக்கவில்லை, அதனால் இன்னும் பலமாகத் தட்டிப் பார்க்கிறாள். அந்த உச்சத்தில் நீங்கள் திரும்பிவிட்டால், அந்த அளவுக்குக் கத்த வேண்டும் என்று அவள் கற்றுக்கொள்வாள். அவள் ஓய்ந்த நொடியில் உடனே திரும்பிப் பேசுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். அடிப்பது, கடிப்பது, ஆபத்தானவற்றை எடுப்பது ஆகியவற்றைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. அவற்றை அங்கேயே நிறுத்த வேண்டும்.

அடியாத மாடு படியாது என்றுதான் நாங்கள் பிள்ளைகளை வளர்த்தோம். பேரனை அடிக்கவே கூடாது என்கிறாள் மருமகள். – ஒரு பாட்டி, மதுரை

அம்மா, நீங்கள் அன்போடுதான் வளர்த்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மருமகள் சொல்வதே சரி. 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், குழந்தையை உடல்ரீதியாகத் துன்புறுத்திய 110 பெற்றோர் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கவனித்தபோது, வழக்கமான பெற்றோர் வகுப்புக்குப் போனவர்களில் 49 சதவீதம் பேர் மீது குழந்தையைத் துன்புறுத்தியதாக மீண்டும் புகார் வந்தது. இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 19 சதவீதம். கை ஓங்கிப் பழகியவர்களாலேயே மாற முடிந்திருக்கிறது. உங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: பேரனோடு தரையில் அமர நேரம் இருக்கிறது. அவன் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லிப் பாருங்கள்.

அப்படியானால் கண்டிப்பே இல்லையா?

உண்டு, இரண்டாம் கட்டத்தில். "கொஞ்சம் ஒழுங்காக இரேன்" என்பது கட்டளை இல்லை. "காரைக் கூடையில் போடு" என்பதுதான் கட்டளை. சொல்லிவிட்டு ஐந்து நொடி காத்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் ஓர் எச்சரிக்கை, அதற்கும் கேட்காவிட்டால் மூன்று நிமிடம் நாற்காலியில் தனியே உட்கார வேண்டும். நாற்காலியை விட்டு எழுந்ததும் அதே காரை அவன் கூடையில் போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வேலையிலிருந்து தப்பிக்க அவனுக்கு நாற்காலியே வழியாகிவிடும். இதைப் பயிற்சி இல்லாமல் வீட்டில் தொடங்காதீர்கள். முதல் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கவும் வேண்டாம்.

ஐந்து வயது மகளுக்கு ஏ.டி.ஹெச்.டி. எனும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு. உடனே மாத்திரையா?

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலில் பெற்றோர் பயிற்சி என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் மருத்துவரிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள். ஏற்கெனவே மாத்திரை தொடங்கியிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எத்தனை வாரம் ஆகும்? எனக்கு வேலை அதிகம், மனைவி மட்டும் போனால் போதாதா?

பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள். ஆனால் வாரக் கணக்கு முக்கியமில்லை. பெற்றோரின் திறன் தேற வேண்டும், பெற்றோர் நிரப்பும் 36 கேள்விகள் கொண்ட படிவத்தில் குழந்தையின் நடத்தை வழக்கமான அளவுக்கு இறங்க வேண்டும். அப்போதுதான் சிகிச்சை நிறைவடையும்.

நீங்களும் போங்கள் ஐயா. அம்மாவின் சொல்லுக்கு ஒரு விளைவு, அப்பாவின் சொல்லுக்கு வேறொரு விளைவு என்றால் குழந்தை குழம்பிப்போகும். எல்லா அமர்வுக்கும் முடியாவிட்டாலும் தினமும் வீட்டில் செய்யும் ஐந்து நிமிடத்தை உங்கள் பங்காக எடுத்துக்கொள்ளுங்கள். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். எதை விளையாடுவது என்று அவன் சொல்லட்டும்.