மூங்கில் டிஷ்யூவும் மாமியாரின் வேட்டித் துணியும்

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். டிஷ்யூவுக்காக மரம் வெட்டுவது தப்பு என்று மகள் அடம்பிடித்ததால் கிச்சன் ரோல், முகம் துடைக்கும் டிஷ்யூ, டாய்லெட் பேப்பர் எல்லாவற்றையும் மூங்கிலுக்கு மாற்றினோம். விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. "பழைய வேட்டியைக் கிழித்து வைத்தால் போதாதா?" என்கிறார் மாமியார். பழுப்பாக இருக்கும் பேப்பர் சுத்தமானதுதானா? செப்டிக் டேங்க் அடைக்குமா? இதைத் தொடரலாமா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு, தாராளமாகத் தொடரலாம். ஆனால் முதலில் மாமியார் பேச்சைக் கேளுங்கள், அப்புறம் மகள் பேச்சை. துணியும் தண்ணீரும் செய்யக்கூடிய வேலையை அவற்றிடமே விட்டுவிட்டு, மிச்சமிருக்கும் வேலைக்கு மட்டும் மூங்கில் பேப்பர் வாங்குங்கள். அப்படிச் செய்தால் விலை உங்களை அவ்வளவாக உறுத்தாது.

மகள் சொல்வதில் நியாயம் உண்டு. மூங்கில் புல் இனம். வெட்டினால் அடிக்கிழங்கிலிருந்து மறுபடி முளைக்கும், திரும்ப நட வேண்டியதில்லை. மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் கழி முற்றிவிடும். யூகலிப்டஸ் நாரைவிட மூங்கில் நார் நீளமானது என்பதால் பேப்பரும் உறுதியாக வரும். 1927ஆம் வருட வனச் சட்டம் மூங்கிலை மரக் கணக்கில்தான் வைத்திருந்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 2017இல்தான் அந்தக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். விவசாயி தன் நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டி விற்பது அதனால் சுலபமானது.

ஆனால் 'மூங்கில்' என்று அச்சடித்திருப்பதாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது. நம் நாட்டு ஆலைகள் பல காலமாக மூங்கிலில் காகிதம் செய்தவைதான். கர்நாடகத்தில் தாண்டேலி ஆலைக்கு அரசு காட்டு மூங்கிலை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தது. மூங்கில் அருகிப்போய், கூடை முடைகிறவர்கள் பிழைப்புக்கே வழியில்லை என்று முறையிட்டார்கள். அதன்பிறகு 1970களில் சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் அந்தக் காடுகளில் மூங்கிலின் நிலையை ஆராய்ந்தார். வேகமாக வளர்கிற செடியையும், அது வளர்வதைவிட வேகமாக வெட்டினால் காணாமல்போகச் செய்துவிட முடியும். அதனால்தான் எந்த ஊர் மூங்கில், யார் வளர்த்தது என்று கேட்கச் சொல்கிறேன்.

இன்று உலகச் சந்தையில் இருக்கும் மூங்கில் டிஷ்யூவில் பெரும்பங்கு சீனாவில் தயாராவது. மூங்கிலை வேகவைத்துக் காகிதக் கூழாக்கவும் பேப்பரை உலர்த்தவும் ஏராளமான வெப்பமும் மின்சாரமும் வேண்டும். அது நிலக்கரியிலிருந்து வந்தால், மரத்தை விட்டு மூங்கிலுக்கு மாறிய நன்மையில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். இன்னொன்றும் நடக்கிறது. பிரிட்டனில் 'விச்' என்கிற நுகர்வோர் அமைப்பு 2024இல் மூங்கில் என்று விற்ற டாய்லெட் பேப்பர்களின் நாரைச் சோதித்தபோது, ஒன்றில் மூங்கில் 3 சதவீதம்கூட இல்லை. ஆகவே பாக்கெட்டின் முன்பக்கத்துப் பச்சை இலைப் படத்தை விடுங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். '100 சதவீதம் மூங்கில் கூழ்' என்று இருக்கிறதா, எங்கே தயாரானது, காட்டைக் கெடுக்காமல் எடுத்த பொருள் என்று சான்று தரும் எஃப்.எஸ்.சி. முத்திரையும் அதன் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறுமனே 'இயற்கை நார்' என்று எழுதியிருந்தால் வாங்க வேண்டாம்.

பழுப்பு நிறம் அழுக்கல்ல. வெளுக்காத மூங்கில் கூழ் அந்த நிறத்தில்தான் இருக்கும். வெளுக்காததே எனக்கும் பிடித்தம், ஒரு ரசாயனக் கட்டம் குறைகிறது பாருங்கள். ஆனால் பழுப்பாக இருப்பதெல்லாம் மூங்கில் என்றும் நினைத்துவிடாதீர்கள்.

இனி சமையலறைக்கு வருவோம், பேப்பர் அதிகம் போவது அங்கேதான். மேடை துடைக்க, தட்டு துடைக்க, கை துடைக்க மாமியாரின் வேட்டித் துணிக்கு நிகர் எதுவுமில்லை. பலமுறை துவைத்து நைந்த பருத்தி, தண்ணீரைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். உள்ளங்கை அகலத்தில் ஒரு கட்டு கிழித்து வையுங்கள். மேடைக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று எனப் பிரித்து, தினமும் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயப்போடுங்கள். ஈரத்தோடு சுருட்டி மூலையில் போட்டால் மட்டும் துணி ஆபத்து.

வடை, பஜ்ஜிக்கு எண்ணெய் வடிக்கச் செய்தித்தாளை எடுக்கவே எடுக்காதீர்கள். அச்சு மை உணவில் இறங்கும் என்பதால் அதில் உணவுப் பொருளைச் சுற்றுவதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமே தடை போட்டிருக்கிறது. சல்லடைக் கூடையில் சாய்த்து வைத்து எண்ணெய் வடிந்த பிறகு, கீழே ஒரே ஒரு மூங்கில் தாள் விரித்தால் போதும்.

மூங்கில் பேப்பர் தன் விலைக்கு உழைக்கிற இடங்களும் இருக்கின்றன. மீன், கோழி கழுவிய தண்ணீர் சிந்தினால் துணியால் துடைக்காதீர்கள், பேப்பரால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். குழந்தை வாந்தி எடுத்தாலும் அப்படியே. சளி, காய்ச்சல் நாட்களில் மூக்குத் துடைக்கவும் கைக்குட்டையைவிட டிஷ்யூதான் நல்லது. இங்கெல்லாம் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். அவளுடைய நோட்டுப் புத்தகங்களிலும் காகிதம் இருக்கிறதே. கரூர் பக்கம் காகிதபுரத்தில் இருக்கும் அரசு ஆலை 1980களிலிருந்து கரும்புச் சக்கையைக் கொண்டு காகிதம் செய்துவருகிறது. மரத்துக்காகக் கவலைப்படுகிற பிள்ளை, அடுத்த வருட நோட்டு வாங்கும்போது அப்படிப்பட்ட தாளைக் கேட்டு வாங்கலாம்.

கடைசியாக செப்டிக் டேங்க். தண்ணீரில் கழுவிக்கொள்கிற வீட்டில் டாய்லெட் பேப்பர் ஈரம் ஒற்ற மட்டுமே, ஒரு தாள் போதும். அது மூங்கிலா மரமா என்பதைவிடத் தண்ணீரில் கரையுமா என்பதே முக்கியம். கண்ணாடி பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி ஒரு தாளைப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நூல் நூலாகப் பிரிந்து தண்ணீர் கஞ்சிபோல் கலங்கினால் பயமில்லை. கிச்சன் ரோலை அதேபோல் குலுக்கிப் பாருங்கள், தாள் தாளாகவே மிதக்கும். ஈரத்தில் கிழியக் கூடாது என்று அதில் ஒரு பிசின் சேர்க்கிறார்கள். மூங்கிலில் செய்த கிச்சன் ரோலுக்கும் இதே கதைதான். அதையும் ஈர வைப்ஸையும் கழிப்பறைக்குள் போடவே கூடாது. அங்கே மூடி போட்ட சின்னக் கூடை ஒன்றை வைத்துவிடுங்கள். வாங்கி வைத்திருக்கும் ரோல்களைத் தீரும்வரை பயன்படுத்துங்கள், புதிதாக ஆர்டர் போடும் முன் இந்தக் குலுக்கல் சோதனையை மகளையே செய்து பார்க்கச் சொல்லுங்கள்.