ஜன்னல் உள்ள அறை – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வெளிநாடு போனால் சின்ன விடுதிகளில்தான் தங்குவேன் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கடிதம். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. என் கணவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு வியட்நாம் பார்க்க ஆசை. திருச்சியிலிருந்தே விமானம் என்றதும் ஆசை இன்னும் கூடிவிட்டது. ஆனால் பெங்களூரில் இருக்கும் பையன், "டூர் பேக்கேஜில் போங்கள், இல்லாவிட்டால் நாலு நட்சத்திர ஹோட்டலில் தங்குங்கள், சந்துக்குள் இருக்கிற லாட்ஜெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது" என்கிறான். முன்பு ஒரு தடவை குழுவோடு வேறொரு நாட்டுக்குப் போனோம். பஸ், கடை, பஸ், இந்தியச் சாப்பாடு என்று நாட்கள் ஓடிவிட்டன. ஊர் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்தத் தடவை நாங்களாகவே போக நினைக்கிறோம். சின்ன விடுதி குடும்பத்தோடு தங்கத் தகுந்த இடமா? பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களாமே? அறை மோசமாக இருந்தால் என்ன செய்வது? அவருக்கு முழங்கால் வலி உண்டு. இருவரும் சைவம்.

எஸ்.ஆர்., ஸ்ரீரங்கம்

அன்புள்ள அம்மா,

போய் வாருங்கள். வயது, முழங்கால், சைவம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் சொல்கிறேன், இது உங்களால் முடிகிற பயணம். ஊரைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது வியட்நாமின் தலைநகரான ஹனோயின் பழைய நகரப் பகுதி. அதை வைத்தே பேசுகிறேன். திருச்சி விமானம் உங்களைத் தெற்கே ஹோ சி மின் நகரில் இறக்கும். அங்கிருந்து ஹனோய்க்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ரயிலில் 1,726 கிலோமீட்டர், ஒன்றரை நாள் போல ஆகும். முழங்காலை நினைத்து விமானத்திலேயே போங்கள்.

முதலில் லாட்ஜ் விஷயம். நம் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிற லாட்ஜை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் பையன் பேசுகிறார். ஹனோயின் சின்ன விடுதி வேறு விதமாக வந்தது. வியட்நாமில் 1986-இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகுதான் தனியார் தொழில் வளர்ந்தது. 1990-களில் வெளிநாட்டுப் பயணிகள் வரத் தொடங்கியதும், பழைய நகரத்தில் வீடு வைத்திருந்தவர்கள் வீட்டை இடித்துக் கட்டியும் மேலே மாடி எழுப்பியும் அறைகளை வாடகைக்கு விட்டார்கள். இன்றைக்கும் பல விடுதிகளை ஒரு குடும்பமோ நாலைந்து இளைஞர்களோதான் நடத்துகிறார்கள். காலைச் சாப்பாட்டோடு இருவருக்கான அறை ஐந்து லட்சம் முதல் எட்டு லட்சம் டாங் வரை இருக்கும். டாங் என்பது அந்த ஊர்ப் பணம். பயந்துவிடாதீர்கள். ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங் என்று வைத்துக்கொண்டால் 1,700-லிருந்து 2,700 ரூபாய்தான். மணிக்கணக்கில் அறை விடும் இடங்களும் ஊரில் உண்டு. வாசல் பலகையிலேயே மணி வாடகை எழுதியிருக்கும். காலைச் சாப்பாட்டோடு அறை கொடுக்கும் விடுதிகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. நாலைந்து பயணிகளாவது சமீபத்தில் நல்லபடியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

அறை நன்றாக இருக்குமா என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கு அந்த வீடுகளைப் பற்றித் தெரிய வேண்டும். பழைய நகரம் வணிகர்களின் ஊர். ஒவ்வொரு தெருவும் ஒரு சரக்குக்கு என்று பிரிந்து கிடந்தது. வெள்ளிக்கு ஒரு தெரு, பட்டுக்கு ஒரு தெரு, தகரச் சாமான்களுக்கு ஒரு தெரு. இப்போதும் லான் ஓங் தெருவுக்குள் நுழைந்தால் மூலிகை வாசனைதான் முதலில் வரும். தெருவைப் பார்த்த முகப்பு எல்லா வணிகருக்கும் வேண்டுமே! அதனால் முகப்பு இரண்டு, மூன்று மீட்டர்தான் இருக்கும், வீடு பின்னால் நீண்டுகொண்டே போகும். நம் அக்ரஹாரத்து வீடுகளைப் பார்த்த கண்ணுக்கு இது உடனே புரிந்துவிடும். முன்னால் கடை, நடுவில் வானம் பார்த்த முற்றம், அப்புறம் அறைகள், மறுபடி முற்றம். வெளிச்சமும் காற்றும் அந்த முற்றங்கள் வழியாகத்தான் வந்தன. மா மே தெருவில் 87-ஆம் எண் வீட்டைப் பழையபடி செப்பனிட்டுப் பொதுமக்கள் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். போன முதல் நாளே அதைப் பார்த்துவிடுங்கள்.

விடுதியாக மாற்றும்போது முதலில் போனது அந்த முற்றம்தான். அந்த இடத்திலும் அறை கட்டிவிட்டார்கள். ஆகவே ஒரே விடுதியில் தெருப் பக்கத்து அறைக்கு மட்டும் ஜன்னலும் பால்கனியும் இருக்கும். நடு அறைக்கு ஜன்னலே இருக்காது, அல்லது திரையை விலக்கினால் சுவர் தெரியும். முன்பதிவு செய்கிற இடத்தில் 'ஜன்னல் இல்லை' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். இருநூறு, முந்நூறு ரூபாய் குறைகிறதே என்று அதை எடுக்காதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் ஹனோயில் விடாத தூறலும் ஈரமும் இருக்கும். தரை வியர்க்கும், துவைத்துப் போட்ட துணி காயாது. ஜன்னல் இல்லாத அறையில் அந்த ஈரம் போர்வையில் ஏறிவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்களைப் பயமுறுத்துவதற்காக அல்ல, தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் ஹனோயில் ஒரு சந்துக்குள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவில் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். கீழ்த்தளத்தில் மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் பிடித்த தீ அது. விடுதிகளிலும் இரவானால் வண்டிகளை உள்ளே ஏற்றி வரவேற்பறையில் வரிசையாக நிறுத்திவிட்டு இரும்புக் கதவை இறக்கிவிடுவார்கள். ஆகவே அறையைப் பார்க்கும்போதே படிக்கட்டு எங்கே, வேறு வழி உண்டா, ஜன்னல் திறக்கிறதா, அதில் கம்பி போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மேல் மாடியில் காட்சி நன்றாக இருக்கும் என்பார்கள். வேண்டாம். இரண்டாவது அல்லது மூன்றாவது மாடியில் தெருப் பக்கத்து அறையைக் கேளுங்கள். முழங்காலுக்கும் அதுதான் நல்லது. லிஃப்ட் இருக்கிறதா என்று முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். இருந்தாலும் அதில் இருவர் ஏறினால் பெட்டிக்கு இடம் இருக்காது.

தெருப் பக்கம் என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும். தா ஹியன் தெருவில் நள்ளிரவு வரை பீர்க்கடைக் கூட்டம் இருக்கும், அதை ஒட்டி எடுக்காதீர்கள். மற்றத் தெருக்களில் பத்து, பதினொரு மணிக்கு மேல் ஓரளவு அடங்கிவிடும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டாவது ஜன்னல் உள்ள அறையில்தான் தூங்க வேண்டும் என்பது என் கட்சி.

அறை பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பெட்டியை மேலே கொண்டுபோகும் முன் "அறையைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். இது அங்கே சாதாரண வழக்கம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஈர வாசனை வந்தாலோ விளக்கு எரியாவிட்டாலோ சிரித்த முகத்தோடு வேறு அறை கேளுங்கள். குரலை உயர்த்தினால் அந்த ஊரில் காரியம் நடக்காது. ஆரம்பத்தில் இரண்டு இரவுக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். பிடித்திருந்தால் அங்கேயே நீட்டித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் பக்கத்துத் தெருவிலேயே வேறு விடுதி இருக்கும். அப்புறம், நல்ல பெயர் வாங்கிய விடுதியின் பெயரையே வேறு சிலரும் வைத்துக்கொள்ளும் பழக்கம் ஹனோயில் ரொம்ப நாளாக உண்டு. "அந்த ஹோட்டல் மூடிவிட்டது, இதுதான் புதுக் கிளை" என்று டாக்ஸிக்காரர் சொன்னால் இறங்காதீர்கள். பெயரோடு கதவு எண்ணும் தெருவும் எழுதிய தாளைக் கையில் வைத்திருங்கள்.

பாஸ்போர்ட் பற்றி. வெளிநாட்டவர் யார் தங்கினாலும் விடுதிக்காரர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதற்காகத்தான் வாங்குகிறார்கள். பல இடங்களில் நகல் எடுத்துக்கொண்டு கையோடு கொடுத்துவிடுவார்கள். சிலர் கிளம்பும் வரை வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். பணத்துக்கு உத்தரவாதம் என்று நினைப்பதுதான் காரணம். வாடகையை முன்கூட்டியே கட்டிவிட்டு, "பதிவு முடிந்ததும் தாருங்கள்" என்று கேட்டால் தந்துவிடுவார்கள். பணம் எண்ணும்போது ஒரு கவனம் தேவை. இருபதாயிரம் டாங் நோட்டும் ஐந்து லட்சம் டாங் நோட்டும் இரண்டுமே நீல நிறம். தனித்தனிப் பையில் வையுங்கள்.

நான் ஏன் பிடிவாதமாகச் சின்ன விடுதிக்கே போகிறேன் என்றால், வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு ஆளுக்காகத்தான். பெரிய ஹோட்டலில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் முகம் மாறும். சின்ன விடுதியில் காலையில் முட்டை பொரித்துத் தருபவரே மதியம் பஸ் டிக்கெட் போட்டுத் தருவார், இரவில் அதே மேஜைக்குப் பின்னால் மடக்குக் கட்டிலைப் போட்டுத் தூங்குவார். விடிகாலை நாலு மணிக்கு விமானத்துக்குக் கிளம்புவதாக இருந்தால் முந்தைய நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள், எழுந்து கதவைத் தூக்கிவிடுவார். ஹா லாங் விரிகுடாவில் ஒரு இரவு படகில் தங்கப் போகிறீர்கள் என்றால் பெரிய பெட்டிகளை அவரிடமே விட்டுவிட்டுப் போகலாம். அவர் மூலம் டூர் எடுத்தால் அவருக்கும் கொஞ்சம் கமிஷன் கிடைக்கும். கிடைக்கட்டுமே.

நான் தங்கிய ஒரு விடுதியில் மேஜைக்கு எதிரே, வாசலைப் பார்த்தபடி, தரையிலேயே ஒரு சின்னச் சிவப்புப் பூஜை மாடம் இருந்தது. பூமியைக் காக்கும் தெய்வமும் செல்வத்துக்கான தெய்வமும் அதில் இருந்தன. அங்கே வேலை பார்த்த பெண் காலையில் வண்டிகளை வெளியே தள்ளி முடித்ததும் கை கழுவிக்கொண்டு வருவார். குட்டிக் கிண்ணங்களில் தண்ணீரை மாற்றுவார். வாழைப்பழம் வைத்து ஊதுபத்தி ஏற்றி மூன்று முறை கும்பிடுவார். அதன் பிறகுதான் கணினியைத் திறப்பார். நீங்கள் அதை நின்று பார்த்தாலே அவருக்குச் சந்தோஷம். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அவரோடு பேச்சு ஆரம்பித்தது. நான் இறைச்சி சாப்பிடமாட்டேன் என்றதும் விடுதியின் விசிட்டிங் கார்டை எடுத்து, அதன் பின்புறம் வியட்நாமிய மொழியில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், மீன் சாறு வேண்டாம், முட்டை பரவாயில்லை. அந்தப் பயணம் முழுக்க அந்த அட்டையைக் காட்டித்தான் சாப்பிட்டேன். நீங்களும் முதல் நாளே அப்படி ஒன்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மீன் சாறு என்பதைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கும் சாறு அது. சாதாரணக் கடையில் வெறும் கீரை வதக்கலில்கூட விழும். சுத்த சைவக் கடைகள் நிறைய உண்டு, பலகையில் சி, ஹெச், ஏ, ஒய் என்ற நான்கு எழுத்தும் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வியட்நாமியர் பலரே சைவம் சாப்பிடுவார்கள், அன்று அந்தக் கடைகளில் இடம் கிடைக்காது. சோயாவில் இறைச்சித் துண்டு போலவும் மீன் போலவும் செய்து வைத்திருப்பார்கள், பார்த்துப் பதறவேண்டாம். விடுதியில் காலையில் ரொட்டி, முட்டை, பழங்கள் கிடைக்கும். அறையில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் அநேகமாக இருக்கும், எடுத்துப்போன காபித்தூளுக்கு அது போதும். குளியலறையில் நம் ஊர் போலவே கைத்தெளிப்பான் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேட்கத் தயங்கியிருப்பீர்கள். நம் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது. இரண்டு முனை சார்ஜர் எடுத்துப்போங்கள்.

ஹோ சி மின் நகரில் இறங்குகிறீர்கள் அல்லவா, அங்கே பென் தான் சந்தைக்கு அருகில் தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று கும்பிட வருபவர்களில் பெரும்பாலானோர் வியட்நாமியர்கள்தான். ஒரு மாலை அங்கே போய் வாருங்கள்.

அக்டோபர், நவம்பர் ஹனோய்க்கு நல்ல மாதங்கள். டிசம்பரிலிருந்து குளிர், பல சின்ன விடுதிகளில் ஹீட்டர் இருக்காது, கூடுதல் கம்பளி கேட்டு வாங்க வேண்டும். வியட்நாமியப் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அந்த வாரம் கடைகள் மூடிக்கிடக்கும், விடுதிக் குடும்பங்களும் சொந்த ஊர் போய்விடும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் பையனிடம் விடுதியின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிடுங்கள். அவருக்கு இருப்பது கவலைதான். போன அன்று இரவு அறையின் ஜன்னலிலிருந்து வீடியோ அழைப்பில் தெருவைக் காட்டினால் பாதி தீர்ந்துவிடும். ஈ-விசா விண்ணப்பத்தில் அங்கே தங்கும் முகவரியையும் கேட்பார்கள், ஆகவே விடுதியை முதலில் முடிவு செய்யுங்கள். அரசின் தளத்திலேயே 25 டாலர் கட்டி விண்ணப்பிக்கலாம். எந்த விமான நிலையம் வழியாக உள்ளே போகிறீர்கள், எதன் வழியாக வெளியே வருகிறீர்கள் என்பதைச் சரியாகக் குறிப்பிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள், நம் இனிஷியலில்தான் பெரும்பாலும் சிக்கல் வருகிறது. விடுதிகளில் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து எனக்கு அனுப்புங்கள். அறைப் படங்களைப் பார்த்து, எது தெருப் பக்கம் என்று சொல்கிறேன்.

அன்புடன்.